போணி அழுக்கு

பங்குனியில் எங்கள் சாரலூத்து அருவி, பாறையில் மூக்குச்சளி வடிகிற மாதிரி வடியும். அப்போது அதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், குரங்குகள்கூட வேறு பக்கம் போய்விடும். ஆனி பிறந்து, மேல்காற்று திரும்பி, மேகம் மலைமேல் வந்து குந்தி, சாரல் தூறத் தொடங்கியதும் அதே அருவி பொங்கிக்கொண்டு இறங்கும், இறங்கின மறுநாளே மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வேன் வேனாக ஜனம் வரும், அன்றிலிருந்து ஆவணி முடிகிற வரைக்கும் சீசன், சீசன் என்றால் கூட்டம், கூட்டம் என்றால் அழுக்கு. ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் அருவி செம்மண் நிறத்தில் பாறாங்கல்லை உருட்டிக்கொண்டு வரும், போலீஸ் கயிறு கட்டி யாரையும் விடாது. கார்த்திகையிலும் மார்கழியிலும் மாலை போட்ட சாமிமார் வந்து பனியில் பல்லைக் கடித்துக்கொண்டு குளித்துவிட்டுப் போவார்கள். இத்தனையையும் இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான், அருவிக்கரையில் பெண்கள் உடை மாற்றும் அறையை நடத்துகிற செண்பகவடிவு.

இயற்கையை ரசிக்க வந்தோம் என்று எல்லாரும் சொல்வார்கள். ரசித்துவிட்டு அவர்கள் போட்டுவிட்டுப் போவதைப் பெருக்குகிறவளிடம் கேட்க வேண்டும் அந்த ரசனையை. ஷாம்பு உறை, பாதி கடித்த பஜ்ஜி, தண்ணீர் போகிற ஓட்டையில் எலிக்குஞ்சு அளவுக்குச் சுருண்டு கிடக்கும் தலைமுடி, யாரோ கழற்றிப் போட்டுவிட்டு மறந்துபோன ஈர உள்ளாடை, குழந்தையின் பீத்துணி, அதைச் சுற்றி மொய்க்கிற ஈ. ஒரு நாளைக்கு மூன்று தடவை பினாயில் ஊற்றிக் கழுவுவேன். வீட்டுக்குப் போனால் நகக்கண்ணைக்கூட விடாமல் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் சோற்றுப் பானையைத் தொடுவேன்.

என் வீட்டுக்காரர் சங்கிலி இதற்கெல்லாம் சிரிப்பார். அவர் எண்ணெய் தேய்க்கிறவர். அருவிக்குப் போகிற வழியில் பலகையைப் போட்டு, வருகிறவர்களைக் கோவணத்தோடு படுக்கவைத்து, நல்லெண்ணெயை ஊற்றி, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் உருவி, முதுகில் பொத்துப் பொத்தென்று நாலு அறை அறைந்து, போய்த் தண்ணீரில் நில்லுங்கள் என்று அனுப்புவார். அந்த உருவலில் அழுக்கு திரிதிரியாக உருண்டு வரும், கையோரத்தால் வழித்து வீசிவிடுவார். அந்தக் கையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். ஆனாலும் சீசன் முடிந்து வீட்டில் கிடக்கிற நாட்களில் அதே கைதான் என் வெடித்த குதிகாலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு விளக்கெண்ணெய் தடவும், அப்போது எனக்குக் குமட்டியதே இல்லை. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அவருக்கு நான், எனக்கு அவர்.

எங்கள் ஊர் எண்ணெய் தேய்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் ஆளைத் தேய்த்து வழித்த அழுக்கை மட்டும் வீச மாட்டார்கள். அது போணி அழுக்கு, அதை வீசினால் அன்றைய பிழைப்பே போய்விடும் என்று நினைப்பு. அருவி விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் படாத ஒரு பாறை இடுக்கு இருக்கிறது, அதில் கொண்டுபோய் அப்பிவிட்டு, அந்தக் கையாலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவார்கள். இவர்கள் அப்பனும் பாட்டனும் அப்பினார்கள், இப்போது இருபது முப்பது பேர் தினமும் அப்புகிறார்கள், அப்பி அப்பி அந்த இடுக்கு நிறைந்து, கறுத்து, எண்ணெய் கசிந்து, வெயில் காலத்தில் அந்தப் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

போன ஆவணி இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலையில், என் வீட்டுக்காரர் போணியை அப்பப் போனபோது அந்த இடுக்கில் இருந்த அழுக்கு எழுந்து உட்கார்ந்திருந்தது. நல்ல சாப்பாட்டு ஆள் ஒருத்தரின் உடல்வாகு. மேலெல்லாம் எண்ணெய் மினுமினுப்பு, அங்கங்கே கறுப்பும் நரையும் மருதாணிச் சிவப்புமாகப் பலபேருடைய முடி, கண் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரலால் அமுக்கிய மாதிரி இரண்டு குழி. அது வாயைத் திறந்து, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, எல்லாரும் குளிக்கணும்லா என்று சொல்லியிருக்கிறது. இவரும் மரியாதையாகத் தள்ளி நின்றுவிட்டு, அதன் இடது தோளில் கொஞ்சம் பள்ளமாக இருந்த இடத்தில் கையிலிருந்த போணியை அப்பிவிட்டு, டீ குடிக்க வந்துவிட்டார். வடிவு, நம்ம போணி எந்திச்சு உக்காந்துட்டு என்றார். கையைக் கழுவினீங்களா என்று நான் கேட்டேன்.

பத்து மணிக்குள் கடைத்தெரு மொத்தமும் அருவிக்கரைக்கு வந்துவிட்டது. நேந்திரம் சிப்ஸ் போடுகிற மீரான்தான் முதலில் ஒரு காரியத்தை எடுத்துச் சொன்னார், வாய் திறந்து பேசுகிற ஒன்றை அது இது என்று சொல்லக் கூடாது, முதலில் கூப்பிட ஒரு உறவுமுறை வேண்டும் என்று. எங்கள் பக்கத்தில் பெயர் தெரியாத ஆம்பளை யாராக இருந்தாலும் அண்ணாச்சிதான், அதனால் அதுவும் அண்ணாச்சி ஆனது. பேரூராட்சித் தலைவர் திருமலைவேலு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அண்ணாச்சிக்கு ஒரு வேட்டி எடுத்துக் கட்டச் சொன்னார். பாறை எங்களுடையது என்று வனத்துறைக்காரர்கள் சொன்னார்கள், பாறை உங்களுடையது, அழுக்கு எங்களுடையது என்று தலைவர் சொன்னார், அவர்கள் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். மறுநாள் யாரோ பிள்ளையாரே உடம்பு அழுக்கில் பிறந்தவர்தானே என்று ஆரம்பித்து ஒரு மாலையைப் போட்டார்கள், மாலை எண்ணெயில் வழுக்கி வழுக்கி மடியில் விழுந்தது. அண்ணாச்சி எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. குளிக்கிறவர்கள் பேசுவது மட்டுந்தான் அவருக்குத் தெரியும், சோப்பை யார் எடுத்தது, தண்ணி மண்டையில அடிக்கி, இன்னும் அஞ்சு நிமிசம், செயினைப் பத்திரமா வச்சுக்கோ என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு வாரத்தில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, பெரிய குடை வந்தது, பஸ்களில் அண்ணாச்சி அருவி என்று போர்டு வந்தது. ஜனம் அவரைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றது. தொட்டால் விரலில் ஒட்டும், அதைக் கைக்குட்டையில் துடைத்து மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், பிள்ளைகளின் நெற்றியில் வைத்தார்கள், ஒரு அம்மாள் என் கண்ணெதிரே நாக்கில் வைத்தாள். அதைப் பார்த்துவிட்டு நான் அறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். அண்ணாச்சியை எனக்குப் பிடிக்கவில்லைதான், ஆனால் அவர் மேல் வந்த அருவருப்பைவிட இவர்கள் மேல் வந்ததுதான் அதிகம், ஏனென்றால் அவர் என்ன என்பது அவர் உடம்பிலேயே தெரிந்தது.

நான் ஒரு நாளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சீசனில் எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அருவியில் குளிக்க மாட்டோம், இடமும் இருக்காது, மனசும் வராது. புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமைதான் எங்கள் நாள், ஊர்க் குளியல். அன்றைக்குக் கடை எல்லாம் அடைத்துவிட்டு, குடும்பம் குடும்பமாக மேலே ஏறிப் போவோம், எண்ணெய் கிடையாது, சோப்பு கிடையாது, வெறும் உடம்பு, வெறும் தண்ணீர். வெள்ளம் குறைந்து அருவி வெள்ளைத் துணி மாதிரி விழும், வெயில் அதன் ஊடே வரும், தும்பிகள் தோளில் வந்து உட்காரும், மேலே எங்கேயோ பூத்த காட்டுச் செண்பகம் தண்ணீரோடு வந்து தலையில் விழும். பாறை வழுக்கும் என்று இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். அந்த ஒரு நாள் தண்ணீர் உச்சியில் விழும்போது வருஷம் பூராவும் என்மேல் படிந்த ஊரார் நாற்றம் எல்லாம் போய்விட்ட மாதிரி இருக்கும், நான் வாய்விட்டுச் சிரிப்பேன்.

அண்ணாச்சியைப் பார்க்க வருகிறவர்கள் இருக்கும்போது ஒரு நாள்கூடக் கடை அடைக்கக் கூடாது, அந்த வருஷம் ஊர்க் குளியல் கிடையாது என்று தலைவர் சொல்லிவிட்டார். ஆவணி முடிந்ததும் குளிக்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள், வேடிக்கை பார்க்க வருகிறவர்கள்தான் வந்தார்கள், போணி அழுக்கு போதாமல் அண்ணாச்சி இளைக்கத் தொடங்கினார். புரட்டாசி வெயிலில் எண்ணெய் உருகி ஓடியது, இரண்டு விரல் கழன்று விழுந்தது. பஸ் ஸ்டாண்டில் கூட்டம் போட்டார்கள். அண்ணாச்சி போய்விட்டால் இந்த ஊரை இனி யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று ஆளாளுக்கு வருத்தப்பட்டார்கள். கடைசியில், இன்றைக்கு இந்தத் தெரு, நாளைக்கு அந்தத் தெரு என்று முறை வைத்து, வீட்டுக்கு ஒருவர் போய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வழித்த அழுக்கை அண்ணாச்சிக்குக் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. உடம்பில் அழுக்கு இல்லாதவர்கள் என்ன செய்வது என்று நான் எழுந்து கேட்டேன். கூட்டம் சிரித்தது. மீரான் மட்டும் சிரிக்காமல், அழுக்கு இல்லாத ஆளும் உண்டுமா அக்கா என்றார்.

முதல் வாரம் அழுக்கு வந்தது. இரண்டாம் வாரம் தோல் வந்தது. அதற்குப் பிறகு ஜனம் தேயத் தொடங்கியது. மச்சம் போனவர்கள், தழும்பு போனவர்கள், அம்மைத் தடம் மாறினவர்கள் என்று தினமும் டீக்கடையில் ஒருத்தருக்கொருத்தர் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள், முகம் எப்படி வழவழவென்று ஆகிவிட்டது பார் என்று. ரேஷன் கடை மெஷின் பாதிப் பேருடைய கைரேகையை எடுக்கவில்லை, அதற்கும் யாரும் கோபப்படவில்லை, அண்ணாச்சிக்கு ரேகை கொடுத்த குடும்பம் என்று சொல்லிக்கொண்டு அரிசி வாங்காமல் திரும்பி வந்தார்கள். பச்சைப் பிள்ளையை முறைக்குத் தூக்கிக்கொண்டு வந்த ஒருத்தியை நான் அறைந்தே விட்டேன். அவள் அழவில்லை, அவள் கன்னம் எண்ணெய்க் காகிதம் மாதிரி என் கையில் வழுக்கியது, நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஊரைத் தேய்த்ததெல்லாம் என் வீட்டுக்காரர்தான். மற்ற எண்ணெய்க்காரர்கள் இரண்டு நாளில் அலுத்து ஒதுங்கிக்கொண்டார்கள், இவர் மட்டும் நின்றார். முறைக்கு ஆள் வராத நாளில் தன்னையே தேய்த்து வழித்துக் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வரும்போது கொஞ்சம் சின்னதாகி வந்தார். முழங்காலில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு போனது, கழுத்து மச்சம் போனது, புருவம் போனது. கல்யாணமான வருஷம் திருவிழாவில் கையில் என் பெயரைப் பச்சை குத்தியிருந்தார், அது ஒவ்வொரு எழுத்தாகப் போய்க்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு என்ன ஆனால் எனக்கென்ன, என் மனுஷன் என் கண்முன்னால் கரைவதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"போதும். நாளையிலருந்து நீங்க அங்க போகக் கூடாது," என்றேன்.

"என் கையால உண்டான ஆளு வடிவு. பாதியில விட்டுட்டு வர முடியுமா?"

"அது ஆளு இல்ல. கண்டவனும் கழிச்சுப் போட்ட அழுக்கு."

"என் பங்கும் அதுலதான கெடக்கு," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது, அவ்வளவு காலம் யாரும் அவரை எண்ணெய்க்காரன் என்பதற்கு மேல் மதித்ததில்லை.

ஒரு நாள் அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினேன். தலைவரும் நாலு பேரும் வந்து வாசலில் நின்று மரியாதையாகக் கேட்டார்கள், நான் அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் புறவாசல் வழியாகப் போய்விட்டார், அந்த உடம்பு எதில் வேண்டுமானாலும் நுழைந்து வெளியேறுகிற அளவுக்கு ஆகியிருந்தது. நான் பின்னாலேயே அருவிக்கரைக்கு ஓடினேன். அங்கே நாற்காலியில் இருந்த அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அவர் கழுத்தில் என் வீட்டுக்காரரின் மச்சம் இருந்தது. "ஏட்டி, சோறு வடிச்சிட்டியா?" என்று கேட்டார், குரலும் அதே குரல்.

ஐப்பசி ஏழாம் தேதி நண்பகலில் வானம் உடைந்தது. மலைமேல் இடி இறங்குகிற சத்தம் கேட்டதும் அருவியில் வெள்ளம் வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, கீழே ஓட வேண்டிய ஜனம் அண்ணாச்சியைக் காப்பாற்ற மேலே ஓடியது. எல்லாருக்கும் முன்னால் என் வீட்டுக்காரர் தார்ப்பாயோடு ஓடினார், அண்ணாச்சியை அதில் சுற்றி, தானும் உள்ளே நுழைந்து கட்டிப் பிடித்துக்கொண்டு, பாறையோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டச் சொன்னார், ஊர்க்காரர்களும் கட்டினார்கள். கட்டிவிட்டு இவர்கள் மேட்டில் ஏறிக்கொண்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் செந்தண்ணீர் வந்துவிட்டது. போலீஸ்காரர் ஒருத்தர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் அந்த இடத்தில் பாறையும் தெரியவில்லை, குடையும் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது.

தண்ணீர் வடிந்ததும் தார்ப்பாயை அவிழ்த்தார்கள். உள்ளே ஒருவர்தான் இருந்தார். தலை முதல் கால் வரை வழவழவென்று, புருவம் இல்லாமல், ரேகை இல்லாமல், எண்ணெய் நாற்றத்தோடு, மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு. அண்ணாச்சி பிழைத்துவிட்டார் என்று ஒருவர் சொன்னார், எல்லாரும் கும்பிட்டார்கள், சிலர் அழுதார்கள். சங்கிலி எங்கே என்று ஒரு ஆள் கேட்கவில்லை. நான் அந்த ஊரில் எத்தனையோ அசிங்கத்தை வாரிக் கொட்டியிருக்கிறேன், அந்த நிமிஷம் அவர்கள் நின்ற நிலைமாதிரி ஒரு அசிங்கத்தைப் பார்த்ததில்லை.

எம் புருஷன் எங்கே என்று கேட்டேன். தலைவர் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். "சங்கிலிதான் தண்ணியோட போயிட்டாம் போலிருக்கு தாயி. அவனாலதான் அண்ணாச்சி நமக்குக் கெடச்சாரு."

"இது எம் புருஷன்," என்றேன்.

எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன், வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், வெந்நீர் வைத்து அரப்புப் பொடி தேய்த்துக் குளிப்பாட்டுகிறேன், அழுக்கானால் கரைந்து போகும், மனுஷனானால் மிஞ்சுவான் என்று. அது நியாயம்தான் என்று மீரான் சொன்னார், மற்றவர்களும் தலையாட்டினார்கள். தார்ப்பாயோடு தூக்கிவந்து என் புறவாசல் துவைக்கிற கல்லில் உட்காரவைத்துவிட்டு, வாசலில் குடை பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அண்டாவில் தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் அவர் எதிரே குந்தியிருந்து, நம்ம கல்யாணத்தன்னைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். பந்தியில் ரசம் உன் சேலையில் கொட்டியது, நீ அழுதாய், நான் பின்கட்டில் நின்று விசிறினேன் என்றார். சரியாகத்தான் சொன்னார். ஆனால் என் மனுஷனில் பாதிக்கு மேல் ஏற்கனவே அண்ணாச்சி உடம்பில் போய்ச் சேர்ந்திருந்தது, எதிரே இருந்தது இவரானாலும் அழுக்கானாலும் இதையேதான் சொல்லியிருக்கும்.

முதல் செம்பை ஊற்றினேன். கறுப்பாகப் போனது. அரப்பை அள்ளித் தேய்த்து இரண்டாவது செம்பை ஊற்றினேன். பழுப்பாகப் போனது, தோள் கொஞ்சம் ஒடுங்கியது. நாறியது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன், இன்னும் கொஞ்சம் தேய்த்தால் தோல் தட்டுப்படும், எலும்பு தட்டுப்படும் என்று தேய்த்தேன். மூன்றாவது செம்பு. கை விரல்கள் சின்னப் பிள்ளை விரல் அளவுக்கு ஆயின, வழிந்த தண்ணீர் கல்லைச் சுற்றித் தேங்கி என் காலை நனைத்தது, இன்னும் தெளியவில்லை. நாலாவது செம்பை மொண்டு தலைக்கு மேலே தூக்கினேன்.

"சூடு பத்தல வடிவு," என்றார் அவர்.

இருபத்திரண்டு வருஷமாக எதையும் கழுவாமல் விட்டதில்லை நான். இந்தச் செம்பையும் ஊற்றிவிட்டால் தெரிந்துவிடும். மிஞ்சினால் என் மனுஷன், மிஞ்சாவிட்டால் என் மனுஷனின் மச்சமும் குரலும் கல்யாணத்தன்று விசிறின ஞாபகமும் சேர்ந்து சாக்கடைக்குப் போய்விடும், பிறகு எனக்கு இந்த உலகத்தில் ஒன்றும் இல்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டேன். முந்தானையை எடுத்து அவர் தலையைத் துவட்டினேன், அழுக்கு முந்தானையில் அப்பிக்கொண்டது. அதை உதறவில்லை, அப்படியே போய்க் கதவைத் திறந்தேன்.

"எம் புருஷன்தான். குளிப்பாட்டிப் பாத்துட்டேன்."

அவர்கள் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். பஸ்களில் போர்டு மாறியது, சாமிமார் வந்து போனார்கள், பங்குனி போய் மறுபடி ஆனியும் வந்துவிட்டது, கடைத்தெருவில் வேன் நிற்க இடம் இல்லை. இவர் நடுவீட்டில் சுவரில் சாயாமல் உட்கார்ந்திருக்கிறார், சாய்ந்தால் சுவரில் ஒட்டுகிறது. பொய் சொல்வானேன், பக்கத்தில் போய்ச் சோறு ஊட்டும்போது ஒவ்வொரு வேளையும் எனக்குக் குமட்டுகிறது, ஈயை விசிறி விசிறிக் கை ஓய்ந்துபோகிறது. வெளியே சாரல் விழுகிற சத்தம் கேட்டதும் தலையை நிமிர்த்தி, தண்ணி நல்லா விழுதாம்லா, ஒரு நாளைக்கு ரெண்டு பேரும் போய் நின்னுட்டு வருவமா என்று ஆசையாகக் கேட்கிறார். கூட்டம் குறையட்டும், போவோம் என்று சொல்லிக்கொண்டே நான் போய் ஜன்னலை இறுக்கிச் சாத்துகிறேன். அன்றைக்கு மூன்றாவது செம்பு ஊற்றினதோடு சரி, அதற்குப் பிறகு அவர் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட நான் விட்டதில்லை.